முதல்முறை ஆட வருபவரை எப்படி வரவேற்பது? கேள்வி பதில்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கற்பனை உலகத்தில் ஆடும் விளையாட்டுகளில் புதியவர்களைச் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. நான் பெரும்பாலும் நடத்துவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு. எண்கள் வரும் இடங்களில் அதன் 2014 விதிகளையே சொல்கிறேன்.

கேள்வி: இது என்ன விளையாட்டு என்றே என் தோழிக்குத் தெரியாது. எப்படிச் சொல்வது?

"நான் ஒரு இடத்தை விவரிப்பேன். அங்கே நீ என்ன செய்வாய் என்று சொல். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவோம்." இவ்வளவுதான். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய முதல் பதிப்பு வெளிவந்த நாளிலிருந்து அடிப்படை இதுதான். சொன்ன கையோடு ஒரு காட்சியையும் கொடுங்கள்: "எதிரே ஒரு பழைய மரக்கதவு. உள்ளே யாரோ அழுகிறார்கள். என்ன செய்வாய்?" கதவில் காதை வைத்துக் கேட்பேன் என்றாலே போதும், அவர் ஆட ஆரம்பித்துவிட்டார்.

கேள்வி: விதிப்புத்தகம் 300 பக்கத்துக்கு மேல் இருக்கிறதே, படித்துவிட்டு வரச் சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஆரம்ப நாட்களில் நான் ஒருவருக்கு ஒரு மணி நேரம் விதிகளை விளக்கினேன். ஆறு திறன்கள், மந்திரங்களின் படிநிலை, கவச எண் என்று எதையும் விடவில்லை. பாதியிலேயே அவர் முகம் வாடிவிட்டது. மறுவாரம் வரவில்லை. இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

முதல் நாளுக்கு ஒரே விதி போதும். இருபது பக்கப் பகடையை உருட்டு, உன் திறனுக்குரிய எண்ணைக் கூட்டு, இலக்கை எட்டினால் வெற்றி. எளிய வேலைக்கு இலக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20. உதாரணமாக, சுவர் ஏறுவதில் கூட்டல் 5 உள்ளவருக்கு இலக்கு 15 என்றால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 55 சதவீத வாய்ப்பு. மற்ற விதிகளை அந்தந்தத் தருணம் வரும்போது ஒரு வரியில் சொல்லுங்கள். வாள் கையில் இருக்கும்போது சொன்ன விதி மறக்காது.

கேள்வி: கேரக்டரை அவரே உருவாக்கட்டுமா?

முதல் ஆட்டத்துக்கு நீங்களே நாலைந்து கேரக்டர்களைத் தயார் செய்து, ஒவ்வொன்றையும் ஒரே வரியில் அறிமுகப்படுத்துங்கள். பெயரை மட்டும் அவர் வைக்கட்டும். அப்புறம், "யாருக்காக வீட்டை விட்டுக் கிளம்பினாய்?" என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் அந்தக் கேரக்டரை அவருடையதாக்கும்.

போர்வீரர் ஆடுவதற்கு எளிது. மந்திரவாதி முதல் நிலையில் சீக்கிரம் விழுந்துவிடுவார், பெரிய மந்திரங்களும் ஓய்வெடுக்கும்வரை இரண்டோ மூன்றோதான் போட முடியும். ஆனாலும் ஒருவர் மந்திரவாதிதான் வேண்டும் என்று கண் மின்னக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கணக்கு பார்ப்பதில் நாம் உதவலாம், ஆசையை நம்மால் உண்டாக்க முடியாது.

கேள்வி: பழைய ஆட்டக்காரர்கள் "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

புதியவர்களை விரட்டுவதில் இதற்கு இணை எதுவுமில்லை என்பது என் அனுபவம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் முடிவெடுக்கும் சுகத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். ஆட்டத்துக்கு முன்பே அவர்களிடம் தனியாகப் பேசுங்கள்: அவர் கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். அதோடு ஒரு வேலையும் கொடுங்கள். கதைக்குள்ளேயே புதியவரின் கேரக்டரிடம் திரும்பி, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று அவர்கள் கேட்கட்டும். புதியவர் சுமாரான திட்டம் சொன்னாலும் அதன்படியே போங்கள். தப்பான கதவைத் திறந்து எல்லோரும் ஓடி வந்த ஆட்டத்தைத்தான் பிறகு மாதக்கணக்கில் பேசுவோம்.

கேள்வி: முதல் நாளே அவர் கேரக்டர் செத்துவிட்டால்?

உயிர்ப்புள்ளி, அதாவது கேரக்டர் இன்னும் எவ்வளவு அடி தாங்கும் என்ற எண், பூஜ்யமானால் உடனே சாவில்லை. தன் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்டுவார். 10 அல்லது அதற்கு மேல் மூன்று முறை விழுந்தால் உயிர் தங்கும், கீழே மூன்று முறை விழுந்தால் முடிந்தது. அதற்குள் தோழர்கள் காப்பாற்றலாம். ஆனால் முதல் நிலையில் ஒரே பெரிய அடி நேராகக் கொன்றுவிடவும் முடியும். அதனால் பலமாக அடிக்கும் எதிரியை முதல் ஆட்டத்தில் நான் வைப்பதே இல்லை.

கேள்வி: குரல் மாற்றி நடிக்க வெட்கமாக இருக்கிறது என்கிறார்.

நடிக்கவே வேண்டாம். "என் கேரக்டர் காவலாளியிடம் கெஞ்சுகிறாள்" என்று சொன்னால் போதும்.

கேள்வி: எத்தனை பேர், எவ்வளவு நேரம்?

மூன்று அல்லது நான்கு பேர், இரண்டரை மணி நேரம், அன்றே முடியும் கதை.

கேள்வி: ஒருவருக்குச் சிலந்தி என்றால் நிஜமாகவே பயம். என்ன செய்யலாம்?

சிலந்தியை எடுத்துவிட்டு ஓநாய் வையுங்கள். ஆட்டம் தொடங்குமுன் எது வேண்டாம் என்று எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள். மேசை நடுவே பெருக்கல் குறி போட்ட ஒரு அட்டையும் இருக்கட்டும். யார் அதைத் தொட்டாலும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம்.