வகுப்பறையில் மதிப்பும் நியாயமும்: ஆசிரியர்கள், பெற்றோர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. எழுதச் சிரமப்படும் ஒரு மாணவனுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் கொடுக்கிறேன். "அவனுக்கு மட்டும் ஏன்?" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: அந்தக் கேள்வியைப் பொறாமை என்று எண்ணிக் கடிந்துகொள்ள வேண்டாம். உங்கள் மாணவர்கள் நியாயத்தைப் பற்றி உண்மையாகவே யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். எல்லாருக்கும் ஒரே அளவு என்பதே நியாயம் என்ற நிலையிலிருந்து, அவரவர் நிலைமையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் நிலைக்குக் குழந்தைகள் படிப்படியாக நகர்வதை குழந்தை உளவியலாளர் ஜீன் பியாஜே 1932இலேயே விவரித்திருக்கிறார். உளவியல் ஆய்வாளர்களான பிளேக், மெக்காலிஃப் ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்குக் குறைவாகவும் எதிரில் இருப்பவருக்கு அதிகமாகவும் கிடைக்கும் பங்கீட்டை நான்கு வயதுக் குழந்தைகளே மறுத்தார்கள். தங்களுக்கே அதிகமாகக் கிடைக்கும் பங்கீட்டையும் மறுக்கும் போக்கு எட்டு வயதினரிடம்தான் தென்பட்டது. உங்கள் வகுப்பு சரியாக அந்த வயதில்தான் இருக்கிறது.

அந்த மாணவனின் சிரமத்தை மற்றவர்களுக்கு விளக்க முற்படாதீர்கள்; அதை வெளியில் சொல்லும் உரிமை அவனுக்கும் அவன் பெற்றோருக்கும் மட்டுமே உண்டு. அதற்குப் பதிலாகத் தேர்வின் நோக்கத்தை விளக்குங்கள். "உங்களுக்கு என்ன தெரியும் என்று பார்ப்பதற்காகத்தான் இந்தத் தேர்வு, யார் வேகமாக எழுதுகிறார்கள் என்று பார்ப்பதற்காக அல்ல. நேரம் போதாதவர்கள் கேட்கலாம்" என்று முன்கூட்டியே சொல்லி, கேட்பவர்களுக்கு உண்மையாகவே கொடுங்கள். பெரும்பாலானவர்கள் முடித்ததும் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையின் (2006) 24ஆம் பிரிவு, ஒவ்வொருவரின் தேவைக்கும் ஏற்ற நியாயமான ஏற்பாடுகளைக் கல்விக்கூடங்கள் செய்துதர வேண்டும் என்கிறது. ஆகவே, இதைத் தயவு என்ற தொனியில் அறிவிக்காமல், வகுப்பின் இயல்பான நடைமுறையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பேச்சு சற்றுத் திக்கும். குழுவேலை என்றால் அவளை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. "எல்லாரும் நண்பர்களாக இருங்கள்" என்று ஆசிரியர் சொல்லியும் பலன் இல்லை.

பதில்: நட்பைக் கட்டளையிட்டு உண்டாக்க முடியாது. ஆனால் யார் யாருடன் அமர்கிறார்கள், குழுக்களை யார் பிரிக்கிறார்கள் என்பதெல்லாம் முழுக்க ஆசிரியரின் கையில் இருப்பவை. இரண்டு தலைவர்கள் முன்னால் நின்று ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை நிறுத்தும்படி ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். கடைசியாக மிஞ்சி நிற்பது யார் என்பதை வகுப்பு முழுவதற்கும் காட்டுவதைத் தவிர, அந்த முறையால் எந்தப் பயனும் இல்லை என்பதே என் உறுதியான கருத்து.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் அதுவரை இனவாரியாகப் பிரிந்து படித்த மாணவர்கள் ஒரே வகுப்பில் அமரத் தொடங்கியபோது, வகுப்புகளில் கடும் பகை நிலவியது. அதைத் தணிக்க 1971இல் உளவியலாளர் எலியட் அரோன்சன் தம் குழுவினருடன் ஒரு முறையை வகுத்தார். ஒரு பாடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்துக் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதியைக் கொடுப்பதும், மற்றப் பகுதிகளை அந்தந்தக் குழந்தையின் வாயிலாக மட்டுமே பிறர் அறிய முடியும்படி செய்வதும்தான் அதன் அடிப்படை. நீர்ச்சுழற்சிப் பாடத்தில் ஆவியாதல் ஒருவருக்கு, மேகம் உருவாவது இன்னொருவருக்கு, மழை உங்கள் மகளுக்கு என்று கொடுத்தால், அவள் சொல்லி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருந்து கேட்டாக வேண்டும். தன் பகுதியை முன்கூட்டியே பழகிக்கொள்ள அவளுக்கு நேரம் தர வேண்டும். வாயால் சொல்வதா, படம் வரைந்து காட்டுவதா என்பதையும் அவளே முடிவு செய்யட்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரக்க குணமுள்ள ஒரு மாணவியை நிரந்தரத் துணையாக அவளுடன் சேர்த்துவிடுவது நல்லெண்ணத்தில் செய்யப்படுவதுதான் என்றாலும், எப்போதும் உதவி பெறுபவளாகவே இருக்கும் குழந்தை சக மாணவியாகக் கருதப்படுவதில்லை.

கேள்வி: ஐந்து வயது மகன் பொது இடத்தில் ஒருவரைச் சுட்டி, "அவர் ஏன் இவ்வளவு கருப்பாக இருக்கிறார்?" என்று உரக்கக் கேட்டுவிட்டான். நான் அவன் வாயைப் பொத்தினேன். அது சரியா?

பதில்: அதட்டி அடக்கினால், அந்த நிறம் பேசத் தகாத ஒன்று என்றே அவன் புரிந்துகொள்வான். "மனிதர்களின் தோலில் மெலனின் என்ற நிறப்பொருள் இருக்கிறது, அது சிலருக்கு அதிகமாகவும் சிலருக்குக் குறைவாகவும் இருக்கும்" என்று அதே இடத்தில், அதே குரலில் பதில் சொல்லுங்கள். விரல் நீட்டிப் பேசினால் ஒருவர் மனம் புண்படலாம் என்பதைப் பிறகு தனியாகச் சொன்னால் போதும்.

கேள்வி: சண்டையிட்ட இருவரையும் உடனே மன்னிப்புக் கேட்க வைக்கலாமா?

பதில்: கோபம் தணியும் முன் வாங்கும் மன்னிப்பு வெறும் சொல். முதலில் இருவரும் நடந்ததைக் குறுக்கீடின்றிச் சொல்லட்டும். பிறகு, கிழிந்த தாளை ஒட்டித் தருவதோ, கலைத்த கட்டைகளைத் திரும்ப அடுக்கித் தருவதோ, சேதத்தைச் சரிசெய்ய ஒரு செயலைச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: குழந்தைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறார்கள். அப்படிச் செய்தால் பெரியவர்களிடம் மரியாதை குறைந்துவிடாதா?

பதில்: குறையாது. குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் (1989) 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கு வழங்கி, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்கிறது. முடிவைக் குழந்தையிடமே விட்டுவிட வேண்டும் என்று அது சொல்லவில்லை. வகுப்பு விதிகளை மாணவர்களுடன் பேசி வகுக்கும் ஆசிரியர், ஒரு விதியை மறுக்கும்போது அதற்கான காரணத்தைச் சொன்னால், அவர் மீதான மதிப்பு கூடவே செய்யும்.

யாருடைய கருத்து கேட்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று நொடியாக நீட்டித்தால் பதில்கள் நீள்வதோடு, வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்பதையும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ தம் ஆய்வுகளில் காட்டினார். நாளை வகுப்பில் கேள்வி கேட்டதும் மனத்துக்குள் மூன்றுவரை எண்ணுங்கள். முதலில் உயர்ந்த கையை உடனே அழைக்காதீர்கள்.