ரோமில் இறங்கியதும் எந்த ரயில்?

கேள்வி: ரோமில் படிக்கும் மகளைப் பார்க்க நானும் கணவரும் முதல்முறையாகப் போகிறோம். நாங்கள் இறங்கும் நாளில் அவளுக்குத் தேர்வு என்பதால் விமான நிலையத்துக்கு வர முடியாது. அவளுடைய அறை டிராஸ்டெவரே ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. விசாரித்தவர்கள் எல்லோரும் லியோனார்டோ எக்ஸ்பிரஸில் ஏறி, ரோமின் பெரிய ரயில் நிலையமான டெர்மினியில் இறங்கச் சொல்கிறார்கள். கணவருக்கு முழங்கால் வலி உண்டு. அதுதான் நல்ல வழியா?

பதில்: வேண்டாம், சகோதரி. லியோனார்டோ எக்ஸ்பிரஸ் நல்ல ரயில்தான். ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் டெர்மினியில் கொண்டு சேர்க்கும், கட்டணம் 14 யூரோ. ஆனால் உங்கள் அறை டெர்மினியில் இல்லையே! அங்கே இறங்கினால் அந்தக் கூட்டத்தில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு, வந்த திசையிலேயே திரும்ப வேண்டும்.

அதே விமான நிலையத்திலிருந்து எஃப்.எல்.1 என்ற சாதாரண ரயிலும் புறப்படுகிறது. கட்டணம் 8 யூரோ, வார நாட்களில் கால் மணிக்கு ஒன்று. அது டெர்மினிக்குப் போகாது. டிராஸ்டெவரே, ஒஸ்தியன்ஸே, துஸ்கொலானா, திபுர்தீனா என்று நின்று நின்று போகும். உங்களுக்கு வேண்டியது அதுதான், அரை மணிக்குள் டிராஸ்டெவரே வந்துவிடும். அறிவிப்புப் பலகையில் ஓர்தே, ஃபாரா சபீனா என்று கடைசி ஊரின் பெயர்தான் இருக்கும். 'ரோமா' என்று தேடி நிற்காதீர்கள். பல பேர் அந்த இடத்தில்தான் குழம்பி ரயிலைத் தவற விடுகிறார்கள்.

காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சிறு இயந்திரத்தில் நுழைத்து நேரம் குத்திக்கொள்ளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ரோமில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏழு ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, பையில் டிக்கெட் இருந்தும் பஸ்ஸில் அதைக் குத்த மறந்ததற்காக ஐம்பது யூரோவுக்கு மேல் அபராதம் கட்டினேன். குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் பரிசோதகருக்கு ஒன்றுதான்.

டிராஸ்டெவரே நிலையத்துக்கு வெளியே வந்தால் 8 ஆம் எண் டிராம் நிற்கும். தண்டவாளப் பணி நடக்கும் நாட்களில் அதே எண்ணில் பஸ் விடுவார்கள். நகருக்குள் பஸ், டிராம், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட், 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். அதற்குள் பஸ்ஸிலும் டிராமிலும் எத்தனை முறையும் மாறலாம், மெட்ரோவில் மட்டும் ஒருமுறைதான் நுழையலாம். பெரிய 'T' எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடைகளில் வாங்கலாம். வங்கி அட்டையைத் தட்டியும் போகலாம், ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும்.

உங்கள் கணவருக்காக ஒன்று. மெட்ரோவைவிட டிராமையும் பஸ்ஸையும் நம்புங்கள். பழைய மெட்ரோ நிலையங்கள் பலவற்றில் படிகள் அதிகம், லிஃப்டை எதிர்பார்த்துப் போக முடியாது. எங்கள் இல்லத்து மூதாட்டிகள் அரை மணி கூடுதலானாலும் பஸ்ஸில்தான் போவார்கள். நிறுத்தத்துக் கம்பத்தில் வரிசையாக நிறுத்தங்களின் பெயர்கள் இருக்கும். நீங்கள் நிற்கும் இடத்தைக் கட்டம் போட்டுக் காட்டியிருப்பார்கள், அதற்குக் கீழே உள்ளவைதான் இனி வரப்போகிறவை. பஸ் வரும்போது கையை நீட்டுங்கள், இல்லாவிட்டால் நிற்காமல் போய்விடும். டெர்மினியிலிருந்து வாத்திக்கான் பக்கம் போகும் 64 ஆம் எண்ணில் ஜேப்படி அதிகம். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் திரும்பும் வெள்ளிக்கிழமை வேலைநிறுத்தம் என்று மகள் சொல்கிறாள். விமானத்தைத் தவற விடுவோமா?

பதில்: பதற வேண்டாம். இத்தாலியில் 1990 ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலைநிறுத்தத்தை முன்னதாகவே அறிவிக்க வேண்டும், நாளில் சில மணி நேரம் சேவை கட்டாயம் நடக்க வேண்டும். ரோமின் நகரப் போக்குவரத்தில் அது காலை 8.30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும். ரயில்களுக்கு நேரம் வேறு, வேலைநிறுத்தமே தனியாக இருக்கலாம். அறிவிப்பில் வேலைநிறுத்தத்தைக் குறிக்கும் 'ஷோப்பெரோ' என்ற சொல்லோடு எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கும். மகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய தலைநகரத்துக்கு மூன்றே மெட்ரோ தடங்கள்தானா?

பதில்: இதற்கு விடை சான் ஜொவான்னி நிலையத்தில் இருக்கிறது. ரோமில் எங்கே தோண்டினாலும் பழைய ரோம் எழுந்து வரும், உடனே வேலை நிற்கும், தொல்லியலாளர்கள் இறங்குவார்கள். 'பி' தடம் 1955 இலும் 'ஏ' தடம் 1980 இலும் வந்தன. 'சி' தடத்தின் முதல் பகுதி 2014 இல்தான் திறந்தது. அது சான் ஜொவான்னியை எட்ட 2018 ஆனது. அடுத்த நிலையத்துக்காகத் தோண்டியபோது இரண்டாம் நூற்றாண்டுப் படைவீரர் குடியிருப்பு ஒன்று அகப்பட்டது.

தாமதத்தைத் திட்டுபவர்கள் சான் ஜொவான்னியில் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும் என்பேன். கீழே போகப் போக, அந்த ஆழத்து மண் எந்தக் காலத்தது என்று சுவரே சொல்லும். கண்ணாடிப் பெட்டிகளில் உடைந்த சாடிகள் இருக்கும். பண்ணைத் தோட்டம் ஒன்றில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ தின்றுவிட்டுப் போட்ட பீச் பழத்தின் கொட்டைகளும் இருக்கும். இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் காலைகளில் அந்தக் கொட்டைகளுக்கு முன்னால் நின்றுவிட்டு இரண்டு ரயிலை விட்டிருக்கிறேன். உங்கள் கணவரை மெதுவாக அழைத்துப் போங்கள். அதைப் பார்க்கத் தனி டிக்கெட் வேண்டாம், அந்த 1.50 யூரோ போதும்.