சென்சாரா, ஸ்ட்ரிப்பா? வாசகர் கேள்விகள்

கே: எனக்கு டைப் 1 சர்க்கரை நோய், இன்சுலின் போட்டே ஆக வேண்டிய வகை. தோலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையை விடாமல் அளக்கும் சென்சாரைப் பொது மருத்துவத் திட்டத்தில் கேட்டேன். ‘எச்பிஏ1சி 7தானே, உங்களுக்கு எதற்கு?’ என்று மறுத்துவிட்டார்கள். மறுபடி கேட்கலாமா?

கட்டாயம் கேளுங்கள். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டுவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரிதான். ராத்திரி சர்க்கரை 50க்கு (மி.கி./டெ.லி.) இறங்கி, பகலில் 250க்கு ஏறுகிறவருக்கும் 7 வரலாம். அந்த 50தான் ஆளைச் சாய்ப்பது. சர்க்கரை எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு இறங்கியது, பக்கத்தில் இருப்பவர் உதவ வேண்டிவந்ததா என்று எழுதி வையுங்கள். மருத்துவரிடம் காட்டி, உங்கள் கோப்பில் ஏற்றச் சொல்லுங்கள். வாயால் சொன்னது அனுமதி தருபவர் மேசைக்குப் போய்ச் சேராது. வியர்வை, நடுக்கம் எதுவுமே இல்லாமல் சர்க்கரை இறங்குகிறது என்றால், அதுவே முதல் வரியாக இருக்கட்டும்.

இங்கிலாந்தில் பொது மருத்துவத்துக்குச் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2022 மார்ச்சில், டைப் 1 உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் சென்சார் தரச் சொன்னது. எச்பிஏ1சி இவ்வளவு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. விண்ணப்பத்தில் இதைக் குறிப்பிடலாம்.

கே: டைப் 2, மாத்திரை மட்டும்தான். எனக்கும் தருவார்களா?

பெரும்பாலும் தரமாட்டார்கள். இருக்கும் பணம் முதலில் இன்சுலின் போடுபவர்களுக்குப் போவது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையும் சர்க்கரையை ஆபத்தாக இறக்கும். அதைச் சாப்பிடுகிறீர்கள் என்றால் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பாவது கேட்டு வாங்குங்கள்.

கே: சென்சார் 62 காட்டுகிறது, விரலில் குத்தினால் 88. எதை நம்புவது?

கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்தியிருந்தால், விரலை. சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் செல்களைச் சுற்றியிருக்கும் நீரை அளக்கிறது. அதனால் சில நிமிடங்கள் பின்தங்கும், சர்க்கரை வேகமாக மாறும்போது இன்னும் கூடுதலாக. சென்சார் உள்ள கை அழுந்தும்படி ஒருக்களித்துத் தூங்கினாலும் பொய்யாகக் குறைத்துக் காட்டும். உடம்பு சொல்வதும் திரை சொல்வதும் ஒத்துவராவிட்டால் குத்திப் பாருங்கள்.

சென்சார் கொடுத்த கையோடு ஸ்ட்ரிப்பை அடியோடு நிறுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சென்சார் பிய்த்துக்கொண்டு விழும் நாளில் வேறு வழி இருக்காது.

கே: டைப் 1, இப்போது மூன்று மாத கர்ப்பம். பிரசவத்துக்கு அப்புறம் கேட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம், இந்த வாரமே கேளுங்கள். கர்ப்பத்தில் இலக்கு 63 முதல் 140 வரை; விரலில் குத்தி மட்டும் அதற்குள் நிற்பது பெரும்பாடு. சென்சார் போட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் சிக்கல்கள் குறைவு என்று 2017ல் வெளியான கான்செப்ட் ஆய்வு காட்டியது. ‘கர்ப்பிணி’ என்பதை விண்ணப்பத்தின் மேலேயே எழுதுங்கள்.