லட்சம் கோடி டிகிரியை எந்த தெர்மாமீட்டர் அளக்கும்?

கே: அணுக்கருக்களை மோதவிட்டால் லட்சம் கோடி டிகிரி சூடு வருமாமே, அங்கே போய் யார் தெர்மாமீட்டர் வைத்தது? (வேளச்சேரி)

யாரும் வைக்கவில்லை. மோதலில் உருவாகும் சூடான துளியின் அளவு சுமார் 10 ஃபெம்டோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோமீட்டர்), ஆயுள் ஒளி அதை ஒன்றிரண்டு முறை கடக்கும் நேரம்தான். அதற்குள்ளிருந்து கிளம்பும் ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், அணுக்கருவைக் கட்டிவைக்கும் வலுவிசையில் சிக்காமல் நேராக வெளியே வந்துவிடும், அவற்றில் அதிக ஆற்றல் உள்ளவை எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்ற சரிவிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள். 2010இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தங்க அணுக்கருக்களை மோதவிட்டு இப்படித்தான் சுமார் 4 லட்சம் கோடி டிகிரி என்று சொன்னார்கள். சூரியனின் மையமே 1.5 கோடிதான். ஆனால் மோதலில் பிறக்கும் பயான் என்ற லேசான துகள்கள் சிதைந்து தரும் ஃபோட்டான்களே வண்டி வண்டியாக வரும், அதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவது கொஞ்சம்தான், வேலையே அந்தக் கழித்தலில்தான் இருக்கிறது.

கே: ஒரே மோதலில் பயானுக்கு ஒரு வெப்பநிலை, புரோட்டானுக்கு அதைவிட அதிகமா? புத்தகத்தில் பிழையா சார்? (தாம்பரம், எம்.எஸ்சி. மாணவர்)

பிழை இல்லை தம்பி, நல்ல கேள்வி. சரிவைப் பார்த்து நீங்கள் படிக்கும் எண்ணில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது: துகள்கள் தாறுமாறாக அலையும் உண்மையான வெப்பம் ஒன்று, துளி மொத்தமாக வெளிப்பக்கம் விரியும் ஓட்டம் இன்னொன்று. எல்லாத் துகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் தள்ளப்படும்போது எடை கூடியதற்குத்தான் உந்தம் அதிகம் கிடைக்கும். புரோட்டான் பயானைவிடக் கிட்டத்தட்ட 7 மடங்கு கனம், அதனால் அதன் சரிவு தட்டையாகி, சூடு அதிகம்போல ஏமாற்றுகிறது. பயான், கேயான் (இரண்டுக்கும் இடைப்பட்ட எடையுள்ள துகள்), புரோட்டான் மூன்றையும் சேர்த்துப் பொருத்தினால்தான் இரண்டும் பிரியும்: நேருக்கு நேர் மோதல்களில் ஓட்டம் ஒளிவேகத்தில் பாதிக்கு மேல், கடைசி வெப்பநிலை 100 எம்இவி (துகள் இயற்பியலின் ஆற்றல் அலகு) பக்கம், அதாவது ஒரு லட்சம் கோடி கெல்வினுக்குச் சற்று மேல். ஒரே ஒரு துகளை வைத்து வெப்பநிலை சொல்லும் வரைபடத்தை நான் நம்பமாட்டேன், நீங்களும் நம்பாதீர்கள்.

கே: இவ்வளவு சூட்டில் இயந்திரம் உருகாதா? (பெரம்பூர்)

உருகாது. ஜெனீவாவின் எல்ஹெச்சி என்ற துகள் மோதல் இயந்திரத்தில் இரண்டு ஈய அணுக்கருக்கள் மோதும்போது உள்ள மொத்த ஆற்றலைவிட, உங்கள் வீட்டு 9 வாட் எல்இடி பல்பு ஒரு நொடியில் இழுப்பது சுமார் 50,000 மடங்கு அதிகம்.

கே: அந்தத் துளி வாயுவா, திரவமா?

வாயு மாதிரிதான் இருக்கும் என்று நினைத்தார்கள். அணுக்கருக்கள் ஓரமாக இடித்துக்கொண்டால் ஒன்றின்மேல் ஒன்று படியும் பகுதி பாதாம் பருப்பு வடிவில் இருக்கும், அதன் ஒடுங்கிய பக்கம் அழுத்தச் சரிவு அதிகம் என்பதால் துகள்கள் அந்தத் திசையில் கூடுதலாகப் பாய்கின்றன. நீள்வட்ட ஓட்டம் என்பது இதுதான். உள்ளே துகள்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாத வாயுவாக இருந்தால் இந்தத் திசை வேறுபாடு இவ்வளவு பலமாக வராது. பாகுநிலை மிக மிகக் குறைந்த திரவம் என்று 2005இல் புரூக்ஹேவன்காரர்கள் அறிவித்தார்கள். துளி ஆறி வெப்பநிலை 155 எம்இவி அருகே வரும்போது, அதுவரை உள்ளே தனித்து ஓடிய குவார்க்குகள் (புரோட்டான் போன்றவற்றை ஆக்கும் அடிப்படைத் துகள்கள்) மறுபடி புரோட்டான், பயானுக்குள் அடைபடுகின்றன.

கே: சென்னையிலிருந்தே இதில் வேலை செய்ய முடியுமா?

முடியும். ஐஐடி மெட்ராஸ் எல்ஹெச்சியின் சிஎம்எஸ் சோதனையில் இருக்கிறது, கோட்பாடு பிடிக்கும் என்றால் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனமான மேட்சயின்ஸ் பக்கம் போய்ப் பாருங்கள். அதற்கு முன் புள்ளியியல் இயற்பியலையும் சி++ஐயும் ஒழுங்காகப் படித்துவிடுங்கள்.