மழையில் அழுகிய ஆர்க்கிட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: டிசம்பர் கடைசியில் ஒரு நர்சரியில் வெள்ளை ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் வாங்கினேன். மூன்று செடி, பீங்கான் தொட்டியோடு 68 வெள்ளி. சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, வாசல் தாழ்வாரத்தில் சாரல் படுகிற இடத்தில் வைத்தேன். மூன்றே வாரத்தில் இலை மஞ்சளாகி அடிப்பக்கம் கொழகொழத்துவிட்டது. கடையில் கேட்டால், நான் தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டேனாம். பூஞ்சைக்கொல்லி, வேர் ஊக்கி, சத்து மருந்து மூன்றும் சேர்ந்த 'மழைக்கால செட்' 45 வெள்ளி, அதை வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கவா? இல்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கவா?

பதில்: செட்டை வாங்காதீர்கள். முதலில் அந்தப் பீங்கான் தொட்டியின் அடியைத் திருப்பிப் பாருங்கள், ஓட்டை இருக்கிறதா? சீனப் புத்தாண்டுக்கு முன்னால் விற்கிற அலங்காரத் தொட்டிகள் பலவற்றில் இருக்காது. உள்ளே ஒவ்வொரு செடியும் தனித்தனி பிளாஸ்டிக் கோப்பையில், ஈரப்பாசி இறுக்கி அடைத்து நிற்கும், மேலே அழகுக்குக் கூழாங்கல்லோ காய்ந்த பாசியோ பரப்பியிருப்பார்கள். நானும் ஒரு வருடம் இப்படி ஒன்றை வாங்கி, வாரம் ஒரு டம்ளர் தண்ணீர்தானே ஊற்றுகிறேன் என்று நிம்மதியாக இருந்தேன். இலை சாய்ந்த பிறகு கோப்பைகளை வெளியே எடுத்துத் தொட்டியைக் கவிழ்த்தால், தேத்தண்ணி நிறத்தில் அரை டம்ளர் தண்ணீர், சாக்கடை வாடையோடு.

இந்த ஆர்க்கிட் காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு வளர்கிற செடி. வேர் நனையும், காற்றுப் பட்டுக் காயும், மறுபடி நனையும். காய்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை, தண்ணீர் ஊற்றலாமா என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. வடகிழக்குப் பருவமழையில், டிசம்பர் ஜனவரியில், காற்றே ஈரமாக இருக்கும்போது ஓட்டையில்லாத தொட்டிக்குள் பாசி எங்கே காயும்? அதனால் தண்ணீர் அதிகம் என்று கடைக்காரர் சொல்வது முழுப் பொய்யில்லை, ஆனால் அந்தத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் விற்றது அவர்தான்.

இன்றைக்கே செய்யவேண்டியது: மூன்றையும் பிரித்து, பாசியை எல்லாம் எடுத்துவிட்டு வேரை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் விடுங்கள், பழுப்பாக நசுங்கினால் நெருப்பில் காட்டிய கத்தரியால் வெட்டுங்கள். வெட்டிய வாயில் சமையலறைப் பட்டைத்தூள் கொஞ்சம் தடவினால் போதும், நல்ல வேரில் படவேண்டாம், காய வைத்துவிடும். அப்புறம் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை உள்ள சாதாரண பிளாஸ்டிக் தொட்டி, கரித்துண்டு, மரப்பட்டை, செலவு அவ்வளவுதான். சாரல் படாத, காற்று வருகிற இடத்தில் வையுங்கள், தண்ணீர் காலையில் மட்டும். இலைகளுக்கு நடுவே குருத்தில் தண்ணீர் நின்றால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், ஏனென்றால் இந்த வகைக்கு வளரும் முனை அது ஒன்றுதான். குருத்தே அழுகிய செடிக்குக் காசு செலவழிக்கவேண்டாம்.

நாற்றத்தோடு கொழகொழக்கிற அழுகல் பெரும்பாலும் பாக்டீரியா வேலை, அதற்குப் பூஞ்சைக்கொல்லி அடித்து ஒன்றும் ஆகாது. வேர் அழுகிய செடிக்குச் சத்து மருந்து ஊற்றுவது, வயிற்றுப்போக்கு வந்தவருக்குப் பிரியாணி கொடுப்பது போல.

சரி, பணம். விற்கும்போதே குறை இருந்த பொருளுக்கு நம் சட்டத்தில் வழி உண்டு. வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரிகிற குறை, கொடுத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும், ஆனால் பொருளின் தன்மைக்கு அப்படிக் கொள்வது பொருந்தாது என்றால் அந்தச் சலுகை கிடையாது. உயிருள்ள செடிக்குக் கடைக்காரர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். எனவே செடி செத்தது என்று சண்டை போடாமல், ஓட்டையில்லாத தொட்டி, உள்ளே நின்ற தண்ணீர், வேர் மூன்றையும் படம் எடுத்து, ரசீதோடு மேலாளரிடம் காட்டி, மாற்றுச் செடியோ பாதிப் பணமோ கேளுங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போகலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கிறது, 5,000 வெள்ளிக்குள் என்றால் மனுக் கட்டணம் 10 வெள்ளி. 68 வெள்ளிக்கு அரை நாள் விடுப்பு எடுப்பது உங்கள் விருப்பம், நான் எடுக்கமாட்டேன்.

கேள்வி: அடுத்த முறை தாழ்வாரத்துக்கு எதை வாங்கலாம்? தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கலாமா?

பதில்: நல்ல வெளிச்சம் வந்தால் டெண்ட்ரோபியம் வகை ஆர்க்கிட். ஃபெலனாப்சிஸைவிட மழையைத் தாங்கும், ஒரு தண்டு போனாலும் அடியிலிருந்து இன்னொன்று வரும். இலை உதிர்ந்த பழைய தண்டைக் காய்ந்ததாக நினைத்து வெட்டிவிடாதீர்கள், தண்ணீரும் சத்தும் அதில்தான் சேமித்திருக்கும். தட்டு வேண்டாம். ஒரு வாரம் தண்ணீர் நின்றால் கொசு முட்டை பறக்கிற கொசுவாகிவிடும், சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்து பார்த்தால் அபராதம் செடி விலையை விடப் பெரிதாக இருக்கும்.