கலையில் ஆன்மிகம் கிடைக்குமா? வேறு நம்பிக்கை உள்ளவர்களோடு அதை மனம்விட்டுப் பேச முடியுமா?

கேட்டவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் முடியும் என்பதுதான் என் பதில். முதலாவது நடந்தால் இரண்டாவது தானாக நடக்கும் என்றும் சேலத்தில் இருந்துகொண்டு சொல்ல முடியும். "உங்கள் சாமி என்ன சொல்கிறது, எங்கள் சாமி என்ன சொல்கிறது" என்று ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் வக்கீலாகிவிடுவோம். இருவரும் ஒரு சிற்பத்தின் முன்னால் நின்று "இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது" என்று கேட்டால் பேச்சே வேறு மாதிரி போகும்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். அவரோடு தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் எடுப்பித்த கோயில் அது. கருவறைப் பக்கம் வராமல் மண்டபத்தோடு நின்றுகொண்டார். அங்கே ஒரே கல்லில் குடைந்த சங்கிலி தொங்குகிறது. அதைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. நாள் முழுக்க வளையத்தோடு வளையத்தைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதுகிற மனிதர், "பொடி வைக்காம வளையத்துக்குள்ள வளையம் எப்படிங்க பூட்டினான்? ஒரு இடத்துல உளி தவறினா மொத்தமும் போச்சே" என்று அண்ணாந்தபடியே சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம், "இவ்வளவு பொறுமைய அல்லா ஒரு மனுஷனுக்குக் குடுத்திருக்கான் பாருங்க" என்றார். நான் அங்கே சிவனை நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் அல்லாவை நினைத்தார், இருவரும் பார்த்தது ஒரே கல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அதே கோயிலில் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடும் தூண் ஒன்று, வில்லோடு ராமர் நிற்கும் தூண் ஒன்று. ராமர் பக்கத்தில் நின்று பார்த்தால் வாலி தெரிவான், வாலி பக்கம் போய்ப் பார்த்தால் ராமர் தெரியமாட்டார். பாய் இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டு, "ஒளிஞ்சு நின்னு அடிச்சது நியாயமாங்க?" என்று கேட்டார். வேறு இடத்தில் வேறு யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். ஆனால் இதே கேள்வியைத்தானே கம்பர் வாலியின் வாயாலேயே கேட்க வைத்தார்? மறைந்து நின்று எய்தது ஏன் என்பதற்கு அங்கே ராமர் பதில் சொல்வதில்லை, இலக்குவன்தான் சொல்கிறான். அதைச் சொன்னேன். "அப்ப உங்காளுங்களுக்கே இது கேள்விதான்" என்றார். ஆமாம் என்றேன். உருவம் வைத்தால் மனசு அந்த உருவத்தோடு நின்றுபோய்விடும் என்பது அவர்கள் பயம் என்று வரும் வழியில் பஸ்ஸில் சொன்னார். எனக்கு மனசு ஓர் இடத்தில் நிற்பதற்கே உருவம் தேவைப்படுகிறது. இதில் இருவரும் ஒத்துப்போகவில்லை, ஒத்துப்போக வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவும் இல்லை.

எல்லாப் பேச்சும் இவ்வளவு சுமுகமாகப் போகும் என்று நினைக்க வேண்டாம். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்டு வந்த சிலை புத்தர் சிலைதான் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. தாமரைப் பீடம், மடியில் தியான முத்திரையில் கைகள், சுருள் முடி, நீண்ட காது மடல், இதெல்லாம் தொல்லியல் துறை ஆய்வறிக்கையில் இருந்தன. வெட்டுப்பட்ட தலையை சிமெண்ட்டும் சுண்ணாம்பும் வைத்து, அதுவும் சரியாகப் பொருந்தாமல், ஒட்டியிருப்பதாகவும் அதில் சொல்லியிருந்தார்கள். அது புத்தர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என் பெரியம்மாவுக்கு அவர் முனியப்பன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அங்கே போய் நின்று அழுதவர் பெரியம்மா. அந்த அழுகையைப் பொய் என்று எந்த ஆய்வறிக்கையும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் பௌத்தத்துக்கு மாறியவர். ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது பெரியம்மாவும் இருந்தார், பேச்சு அங்கேதான் போய் நின்றது. "எங்களுக்கு அவர் பேரை மட்டும் திருப்பிக் குடுங்கம்மா" என்றார் நண்பர். "பேரு எதுவா இருந்தா என்னப்பா, நான் சொல்றத அவரு கேட்டுக்கிட்டுதான உக்காந்திருக்காரு" என்றார் பெரியம்மா. குரல் கொஞ்சம் ஏறத்தான் செய்தது. பெயரை மறைப்பதும் ஒரு வெட்டுதான் என்று நண்பர் சொன்னபோது பெரியம்மா பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, யாருப்பா அவரு, முழுசா சொல்லு" என்று அவரே கேட்டார். அரண்மனையில் ஆரம்பித்துப் போதிமரம் வரை நண்பர் சொல்லி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பெரியம்மா இன்னும் முனியப்பா என்றுதான் கும்பிடுகிறார். ஆனால் நண்பர் எப்போது வந்தாலும், தூங்கிக்கொண்டிருந்த பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு புத்தர் கிளம்பியது எந்த ஊர் நியாயம் என்று கேட்காமல் விடுவதில்லை.