மனநலம்: கேள்வி – பதில்
‘அம்மா, கை சுத்தமா?’

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. குழாயடியில் கை கழுவ ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம். லாரித் தண்ணீர் பிடித்து வைத்த டிரம் மதியத்துக்குள் காலி. தோல் வெடித்து ரத்தம் கசிகிறது. ‘அம்மா, கை சுத்தமா?’ என்று நாளைக்கு முப்பது தடவை கேட்கிறான். ‘சுத்தம்டா’ என்று சொன்னால்தான் சாப்பிடுகிறான். மந்திரித்துப் பார்த்தும் பலனில்லை. மாத்திரை எடுத்தால் ஆயுசுக்கும் விடமுடியாதாமே?
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ‘ஓசிடி’ எனும் எண்ணச் சுழற்சி நோய் போலத்தான் தெரிகிறது. மனநல மருத்துவர் நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இது சுத்தக்காரத்தனம் அல்ல. அலமாரியை அடுக்கி வைப்பவரெல்லாம் ‘எனக்கு ஓசிடி’ என்று சொல்லிக்கொள்வது வேறு கதை. கழுவியது போதும் என்று உங்கள் மகனுக்கே தெரிந்திருக்கும். தெரிந்தும் நிறுத்த முடியாததுதான் நோய்.

கழுவியதும் பயம் சட்டென்று இறங்குகிறது. ‘கழுவியதால்தான் தப்பித்தோம்’ என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் அழுத்திக் கேட்கிறது. நீங்கள் சொல்லும் ‘சுத்தம்டா’வும் இன்னொரு சொம்புத் தண்ணீர்தான். அதற்காகத் திடீரென்று வாயை மூடிக்கொள்ளவோ குழாயை அடைக்கவோ வேண்டாம், வீடு ரணகளமாகிவிடும். அவன் நிதானமாக இருக்கும் நேரத்தில் பேசி வைத்துக்கொண்டு, ‘பயமா இருக்குல்ல, நான் கூடவே இருக்கேன். ஆனா பதில் சொல்ல மாட்டேன்’ என்ற அளவில் நிறுத்துங்கள். முப்பதை முதலில் இருபதாக்கினால் போதும்.

சிகிச்சையின் முதுகெலும்பு, பயந்ததைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கும் பயிற்சி. பயங்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு, 30, 40-இல் இருப்பதில் தொடங்குவார்கள். வாசற்கதவுத் தாழ்ப்பாள் 40 என்றால், அதைத் தொட்டுவிட்டு முக்கால் மணி நேரம் கழுவாமல் உட்கார வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பயத்தின் எண்ணைக் குறிக்க வேண்டும். இதையே தினமும் செய்ய வேண்டும். எண் இறங்காத நாளும் வரும். பயத்தோடேயே உட்கார முடிந்ததே, அதுவும் பயிற்சிதான். பெரும்பாலும் கெட்டுப்போவது கள்ளத்தனத்தில்: பேன்ட்டில் நைசாகத் துடைப்பது, பாக்கெட்டில் சானிடைசர், மனசுக்குள் எண்ணுவது. கழிவறைக் கதவிலேயே ஆரம்பித்து மிரண்டு ஓடுவதும் உண்டு.

மாத்திரைக்கு வருவோம். ஃப்ளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்றவை போதைப் பழக்கம் உண்டாக்குவதில்லை. மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவு இதற்குத் தேவைப்படலாம். அதனால் சிறிதாகத் தொடங்கி ஏற்றுவார்கள். பலனைக் கணிக்க 8 முதல் 12 வாரம் ஆகும். பலரும் குமட்டலுக்குப் பயந்து இரண்டாவது வாரமே நிறுத்திவிட்டு ‘மருந்து கேட்கல’ என்கிறார்கள். குணம் தெரிந்தபின் குறைந்தது ஓராண்டு தொடர்ந்து, மருத்துவர் சொல்படி மெல்லக் குறைக்கலாம். சிலருக்கு இன்னும் நாள் பிடிக்கும். அவன் வயதில் முதல் சில வாரங்களில் படபடப்பு கூடினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போடுங்கள். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் இருக்கிறது. அங்கும் வெளிநோயாளியாகவே காட்டலாம். கிளம்புமுன் ஒரு வாரம் குறித்துவையுங்கள்: எத்தனை மணி நேரம், எத்தனை சோப்பு, எத்தனை ‘சுத்தமா’. அவனைத் தனியாகவும் பேச விடுங்கள். சாமியைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ வரும் அசிங்கமான எண்ணங்களை அம்மா முன்னால் சொல்ல மாட்டான். வர மறுத்தால் 14416, ‘டெலி மானஸ்’ எனும் அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசி எண். இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம். முதலில் நீங்களே கூப்பிடுங்கள்.